சேலத்துக்கு வழி இருக்குதுங்களா?

1

இந்தக் கதை கட்டுரையாகத்தான் பிறந்தது. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த நெட்வொர்க் பொறியாளர்களுக்காக, இணையத்தில் வழி காட்டும் பெட்டிகளான ரவுட்டர்களை எப்படி ஒழுங்காகப் பராமரிப்பது என்று தமிழில் எழுதித் தரச் சொன்னார்கள். நானும் உட்கார்ந்தேன்.

"இணையம் என்பது ஒரு"

அந்த ‘ஒரு’வுக்குப் பின்னால் என்ன வைப்பதென்று தெரியவில்லை. வலை என்றால் மீன் நினைவுக்கு வருகிறது. கடல் என்றாலும் மீன்தான். மீனை ஒதுக்கிவிட்டு இப்படி எழுதினேன்:

"ஒரு ரவுட்டருக்கு உலகம் முழுவதும் தெரியாது. பக்கத்து ரவுட்டர்கள் ‘அந்த ஊருக்கு என்னிடம் வழி இருக்கிறது’ என்று சொல்வதை நம்பி, வந்த சரக்கை அவர்கள் பக்கம் தள்ளிவிடும். ஆகவே நல்ல பொறியாளர், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் வழியைச் சோதிக்காமல் நம்ப மாட்டார்."

இதை எழுதியதும், ஒரு காலத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்த இசபெல்லாக்கா எனக்கு நினைவுக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு கட்டுரை என் பேச்சைக் கேட்கவில்லை.

2

முதல் தொடக்கம்: "அது ஒரு மழைக்கால மாலை, தொப்பூர் மலைப்பாதையில்"

(அடித்துவிட்டேன். அன்று மழை இல்லையாம். மாலையும் இல்லையாம்.)

இரண்டாம் தொடக்கம்: "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் தர்மபுரி மாவட்டத்தின் தகவல் தொடர்பு வளர்ச்சியானது"

(இதைப் படித்துக் காட்டியபோது இசபெல்லாக்கா எழுந்து போய் அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்த்தார். அடுப்பில் பாலே இல்லை.)

மூன்றாவது: தொப்பூர் இறக்கத்தில் புளி ஏற்றி வந்த லாரி ஒன்று கவிழ்ந்து, டெலிபோன் கம்பத்தைச் சாய்த்துக்கொண்டு படுத்தது.

இது இருக்கட்டும். கம்பம் சாய்ந்தால்தான் கதை நிற்கும்.

3

மூன்று ஊர்கள் வேண்டும். பெயர்கள் நான் வைத்தவை. வரைபடத்தில் தேட வேண்டாம். கரட்டுக்கொட்டாய், ஏரிமேடு, சின்னப்பாறை. மூன்றிலும் தபாலாபீசுக்குப் பின்னறையில் சின்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். ஒரு போர்டு, அதில் துளைகள், துளையில் சொருக வயரும் பிளக்கும், அதன் முன்னால் ஓர் ஆபரேட்டர். எந்த ஊருக்குப் பேச வேண்டுமென்றாலும் ஆபரேட்டரிடம் சொல்ல வேண்டும். அவர் பக்கத்து ஊர் ஆபரேட்டரைக் கேட்டு, பிளக்கைச் சொருகி, இணைத்துக் கொடுப்பார்.

கரட்டுக்கொட்டாயில் இசபெல்லா. ஏரிமேட்டில் மாது. சின்னப்பாறையில் பிலவேந்திரன். மூவரும் தினமும் பேசுவார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

சேலத்துக்கு நேர் லைன் மாதுவிடம் மட்டும்தான் இருந்தது. அது தொப்பூர் வழியாகப் போனது. அதில் அவருக்குப் பெருமை. இசபெல்லா சேலம் வேண்டுமென்றால் மாதுவைக் கேட்பார். பிலவேந்திரனுக்கும் மாதுவுக்கும் நடுவே ஒரு லைன் உண்டு. ஆனால் அதில் எப்போதும் எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம். அதனால் அவர் சேலத்துக்கு இசபெல்லாவைத்தான் கேட்பார்.

(இங்கே மாதுவை ஒரு தற்பெருமைக்காரராக எழுதியிருந்தேன். மீசையை முறுக்கிக்கொண்டே பிளக் சொருகுபவர். "மீசைய நீ எப்பம்மா பாத்த? நானே பாக்கல" என்றார் இசபெல்லாக்கா. மீசையை எடுத்துவிட்டேன். பெருமை மட்டும் இருக்கிறது.)

கம்பம் சாய்ந்த காலையில் மாதுவின் சேலம் லைன் செத்தது. அதை ஊருக்குச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. கடுகுச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு சின்னப்பாறையைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா பிலவேந்திரா, சேலத்துக்கு உங்கிட்ட வழி இருக்குதா?"

"இருக்குதுங்களே" என்றார் பிலவேந்திரன்.

பொய் இல்லை. அவருக்கு இசபெல்லா வழியாக இருந்தது. இசபெல்லாவுக்கு மாது வழியாக இருந்தது. மாதுவுக்கு இப்போது பிலவேந்திரன் வழியாக இருந்தது.

ஆக, சேலத்துக்கு மூவரிடமும் வழி இருந்தது. யாரிடமும் சேலம் இல்லை.

(பொறியாளர்களே, இதற்குச் சுற்று என்று பெயர். ‘வழி இருக்கிறதா’ என்று கேட்டால் போதாது. ‘யார் வழியாக’ என்றும் கேட்க வேண்டும். பதிலில் உங்கள் பெயரே வந்தால் போனை வைத்துவிட்டுத் தண்ணீர் குடியுங்கள். கட்டுரை இந்த இடத்தில் முடிந்திருக்க வேண்டும்.)

4

இப்போது பெரியண்ணன் வருகிறார். கரட்டுக்கொட்டாய் விவசாயி. மகள் செல்லிக்கு மறுநாள் நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் சேலத்திலிருந்து பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. தொப்பூரில் லாரி கவிழ்ந்து பஸ்கள் வரிசையாக நிற்கின்றன என்று கேள்விப்பட்டதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எக்ஸ்சேஞ்சுக்கு ஓடி வந்தார்.

"இசபெல்லாம்மா, சேலத்துக்கு ஒண்ணு போடுங்க. பஸ்ல வராதீங்க, ரயில்ல பொம்மிடி வந்து எறங்குங்க, நான் மாட்டு வண்டி அனுப்பறேன்னு சொல்லோணும்."

இசபெல்லா மாதுவைக் கூப்பிட்டார். "கொஞ்சம் இருங்க, வழி பண்ணித் தரேன்" என்றார் மாது. அந்த ‘கொஞ்சம்’ நீண்டது. பெரியண்ணன் மரக் கூண்டுக்குள் ரிசீவரைக் காதில் வைத்தபடியே, சேலம் எப்போது மூச்சு விடுமென்று காத்திருந்தார்.

மாது வழி பண்ணாததற்குக் காரணம் உண்டு. அவர் எதிரில் இன்னொருவர் நின்றுகொண்டிருந்தார். அவரும் சேலத்துக்குத்தான் அவசரமாகப் பேச வேண்டும் என்றார், அதுவும் அழுகிற குரலில். அவருக்கு முதலில் கொடுத்துவிடலாம் என்று மாது நினைத்தார்.

அது செல்லி. சொந்த ஊரில் போன் பேசினால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்று டவுன் பஸ் பிடித்து ஏரிமேட்டுக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டாரிடம் வர வேண்டாம் என்று சொல்வதற்காக.

(நம்பும்படி இல்லையே என்று எனக்கும் தோன்றியது. செல்லியை வேறு நாளுக்கு மாற்றிப் பார்த்தேன். மாற்றினால் கதை போய்விடுகிறது. அதோடு, அது வேறு நாளில் நடக்கவில்லை.)

மாது செல்லியின் அழைப்பைப் பிலவேந்திரனுக்குத் தள்ளினார். பிலவேந்திரன் இசபெல்லாவைக் கூப்பிட்டார்.

"அக்கா, சேலம் லைன்ல இருக்குதுங்க. குடுக்கட்டுங்களா?"

சேலத்துக்கான அழைப்பு லைனில் இருக்கிறது என்பது அவர் சொன்னது. மாது பண்ணிய வழியில் சேலமே லைனில் வந்துவிட்டது என்பது இசபெல்லாவுக்குக் கேட்டது.

"வந்துருச்சா! குடு குடு" என்று இசபெல்லா அந்தப் பிளக்கைப் பெரியண்ணனின் துளையில் சொருகினார்.

5

இந்தப் பகுதியில் நான் எதையும் சேர்க்கவில்லை. ஆபரேட்டர்கள் ஒட்டுக் கேட்கக் கூடாது. "லைன் தெளிவா இருக்குதான்னு பாக்கத்தான் கேட்டேன்" என்கிறார் இசபெல்லாக்கா. மூன்று ஊர் சுற்றி, கடுகுச் சத்தமும் சேர்ந்து வந்ததால் குரல்கள் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தனவாம்.

"ஹலோ, சேலமுங்களா?"

"சேலமுங்களா?"

கேள்வியின் வாலான ‘ளா’ இரண்டு பக்கமும் கடுகில் கருகிப்போனது. சேலம்தான் என்று இருவரும் தெம்பானார்கள்.

"நாளைக்கு நீங்க வர வேணாமுங்க" என்றாள் செல்லி.

"அதத்தாங்க நானும் சொல்ல வந்தேன். பஸ்ல வேணாமுங்க. ரயில்ல வந்துடுங்க."

"ரயில்லயும் வேணாமுங்க."

"பின்ன எதுலீங்க?"

"எதுலயும் வேணாமுங்க. பொண்ணுக்கு இஷ்டமில்லீங்க."

பெரியண்ணன் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, ஒரு பார்வை பார்த்து, மறுபடி வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருத்தி இப்படிப் பேசுகிறாளே.

"எந்தப் பொண்ணுக்குங்க?"

"கட்டிக்கப்போற பொண்ணுக்குத்தாங்க. போன தரம் வந்தப்ப மாப்பிள்ள அவளப் பாக்கவே இல்லீங்க. எருமையத்தான் பாத்தாரு. எத்தன லிட்டரு கறக்குதுன்னு கேட்டாரு. அவகிட்ட ஒரு வார்த்த கேக்கல."

கூண்டுக்குள் பெரியண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நெசந்தாங்க. நானும் பாத்தேனுங்க" என்றார். பிறகு, நியாயம் பேச வேண்டும் என்று தோன்றியதால், "ஆனா எரும நல்ல எருமைங்க" என்றும் சேர்த்தார்.

இந்த ‘நல்ல எருமை’யில்தான் செல்லிக்குச் சந்தேகம் வந்திருக்கும் என்பது இசபெல்லாக்காவின் கருத்து. அடுத்த கேள்வி மெதுவாக வந்ததாம்.

"பொண்ணு நல்ல பொண்ணு இல்லீங்களா?"

"என்னங்க இப்படிக் கேட்டுப்போட்டீங்க? எங்கூட்டுல அவதானுங்க எல்லாத்துக்கும் மேல. அவகிட்ட நான் அதெல்லாம் சொன்னதில்லீங்க. எப்படிங்க சொல்றது?"

இசபெல்லாவுக்கு அப்போது புரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது தெருக்குழாயில் குடம் வைத்துக்கொண்டு "அக்கா, தள்ளிப் போங்க, தண்ணி தெறிக்கும்" என்று கத்தும் அதே குரல். அப்பாவும் மகளும் சேலத்தில் சந்தித்துக்கொண்டிருக்கிறார்கள். இசபெல்லா சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டார். இன்னொரு கை பிளக்கின் மேல் இருந்தது.

(விதி தெளிவாக இருக்கிறது: சுற்று என்று தெரிந்த கணமே துண்டிக்க வேண்டும். தயங்கினால் லைன்கள் அடைத்துக்கொள்ளும். இதை நானே பெரிய எழுத்தில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.)

இசபெல்லா துண்டிக்கவில்லை.

"பொண்ணுகிட்ட ஒரு தரம் கேட்டுப் பாக்கலாமுங்களே" என்றது சேலம்.

"கேக்கலாமுங்களா?"

"கேக்கலாமுங்க."

"சரிங்க. அப்பிடியே செய்யறேனுங்க. வெச்சுடட்டுங்களா?"

பெரியண்ணன் ஆயுளில் தன் மகளிடம் ‘ங்க’ போட்டுப் பேசியது அன்று ஒரு நாள்தான்.

6

அழைப்பு முடிந்ததும் இசபெல்லா மாதுவைக் கூப்பிட்டார்.

"உங்க சேலம் யாரு வழியா வருதுங்க?"

"பிலவேந்திரன் வழியா."

"பிலவேந்திரனுக்கு?"

"அது... கேக்கலீங்களே."

"எங்க வழியாங்க. எங்களுக்கு உங்க வழியா."

மாது மூன்று ஊர்ப் பெயரையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார்.

"அப்ப சேலத்துக்கு வழியே இல்லீங்களா?" என்றார் மாது, ஊரே காணாமல் போனது போல.

"காத்தாலயே போயிருச்சுங்க. நீங்கதான் யாருக்கும் சொல்லல."

(லைன் போனால் போனது என்று பக்கத்திலிருப்பவர்களுக்கு உடனே சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம். கம்பத்தைச் சாய்த்தது லாரி, நீங்கள் அல்ல.)

7

முடிவுக்கு வருவோம். என்னிடம் சில இருந்தன.

பெரியண்ணன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கண்டுபிடித்துக் கத்துகிறார். (இசபெல்லாக்கா: "அவருக்குக் கத்த வராதும்மா.") மாப்பிள்ளை மனம் மாறி செல்லியிடம் மன்னிப்புக் கேட்கிறார், கண்ணீருடன் (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கே கூச்சமாக இருந்தது).

நடந்தது இது. சாயங்காலம் எருமையைக் கறந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல், பெரியண்ணன் கேட்டார்: "ஏம்மா செல்லி, உனக்கு இதுல இஷ்டமா?" செல்லி பக்கத்தில் குந்தி, மடிக்குக் கீழே செம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏரிமேட்டில் அவ்வளவு பேசியவளுக்கு வீட்டில் ஒரே வார்த்தைதான் வந்தது. "இல்லீங்கப்பா" என்றாள். "வேற யாரயாச்சும்..." என்று இழுத்தார். "இல்லீங்கப்பா. டீச்சர் ட்ரெய்னிங் போவணும்." பெரியண்ணன் தலையை ஆட்டினார். செம்பு நிரம்பி வழிந்து இருவர் காலும் நனைந்தது. யாரும் நகரவில்லை.

ஆனால் சேலத்துக்கு எந்தச் சேதியும் போகவில்லை அல்லவா? மாப்பிள்ளை வீட்டார் மறுநாள் புறப்பட்டுவிட்டார்கள். தொப்பூரில் பஸ் நின்றது. தாம்பாளத் தட்டுகளோடு நடந்து, டிராக்டர் ஏறி, மத்தியான வெயிலில் புழுதி படிந்து வந்து இறங்கினார்கள். பெரியண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வர வேணாம்னு நேத்து உங்கூட்டு அம்மா போன்ல சொன்னாங்களே!"

"எந்த அம்மா?"

"அதான், நல்ல மனசுக்கார அம்மா."

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்படி ஒருத்தி தங்கள் வீட்டில் இல்லை என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. பெண் வீட்டில் சோறு போட்டார்கள். சாப்பிட்ட பிறகு பெரியண்ணன் கையைக் கூப்பி, பெண்ணுக்கு இஷ்டமில்லை, மன்னிக்க வேண்டும் என்றார். பெரியவர்கள் முறைத்தார்கள். மாப்பிள்ளை மட்டும் தொழுவத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்ப எருமையாச்சும் குடுப்பீங்களா?" என்றார்.

கொடுக்கவில்லை.

8

செல்லி கிருஷ்ணகிரிக்குப் படிக்கப் போனாள். அது நடந்து சில மாதம் கழித்து, லைனெல்லாம் சரியான பிறகு, ஒரு முற்பகலில் பெரியண்ணன் எக்ஸ்சேஞ்சுக்கு வந்தார். சலவை வேட்டி. தலை வாரியிருந்தார்.

"இசபெல்லாம்மா, அன்னைக்குப் பேசுன சேலத்து அம்மாவ இன்னொருக்கா போட்டுக் குடுங்க. நம்பரு தெரியல. உங்களுக்குத் தெரியுமில்ல? ரெண்டு வார்த்த நல்லதாச் சொல்லோணும்."

லீவுக்கு வந்திருந்த செல்லி, அப்பாவுக்குத் துணையாக வந்து, வாசலில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்புறம் என்ன செய்தீர்கள் என்று இசபெல்லாக்காவைக் கேட்டேன். "நீதான கதை எழுதற, நீயே எழுதிக்க" என்று சொல்லிவிட்டார். நானும் எழுதிப் பார்த்தேன். அந்த அம்மா இறந்துவிட்டதாக ஒன்று. லைன் பிசி என்று ஒன்று. செல்லியே "நான்தானுங்கப்பா" என்று சொல்வதாக ஒன்று. அதில் பெரியண்ணனின் முகத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. இசபெல்லா செல்லியைக் கண்ஜாடை காட்டி உள்ளறைக்கு அழைத்து, ஒரு ரிசீவரை அவள் கையில்

ஆகவே, இசபெல்லாவின் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். நாற்காலி கொஞ்சம் ஆடும். எதிரில் போர்டு, கையில் பிளக். செல்லி உங்களைத்தான் பார்க்கிறாள். பெரியண்ணன் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஹலோ" என்று சொல்லிவிட்டார்.