திங்கட்கிழமை பறித்த வெள்ளரி

எங்கள் அண்ணன் கண்ணுசாமி செத்தது திங்கட்கிழமை விடியற்காலை. ஊருக்குச் சொன்னது அன்றைக்கு மத்தியானம் ஒரு மணிக்கு மேல். நடுவில் வெள்ளரி பறித்தோம். பறிக்கச் சொன்னவன் நான்.

ரெட்டியார்சத்திரத்துக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். இரண்டு ஏக்கர். வீடும் அதற்குள்ளேயே இருக்கிறது. எனக்குக் குடும்பம் கிடையாது. அண்ணன் வீட்டில்தான் சோறு. அண்ணன் மகன் மோகன்குமார் மூன்று வருஷமாகக் கம்பெனி வெள்ளரி போடுகிறான். இந்த வெள்ளரியை இந்தப் பக்கத்தில் ஒரு மனுஷன் தின்னமாட்டான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கொண்டுபோய் இறக்கினால் சிரிப்பார்கள். கம்பெனி விதை கொடுக்கும், கம்பெனியே காயை வாங்கும், உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு பீப்பாயில் அடைத்து அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற்றும். கம்பெனி வாங்கவில்லை என்றால் குழியில் கொட்டி மூட வேண்டியதுதான்.

காய் சுண்டுவிரல் அளவு இருக்க வேண்டும். ஒரு நாள் பறிக்காமல் விட்டால் கட்டைவிரல் ஆகிவிடும். இரண்டு நாள் விட்டால் கத்தரிக்காய். பெருத்த காயைக் கம்பெனியின் கொள்முதல் ஷெட்டில் காலால் தள்ளுவார்கள். அதனால் தீபாவளி என்றாலும் பொங்கல் என்றாலும் பறிக்க வேண்டும். சாவுக்கு மட்டும் வேறு சட்டம். வீட்டில் பிணம் விழுந்தால், மூன்றாம் நாள் பால் ஊற்றுகிற வரைக்கும் மண்ணைத் தொடக்கூடாது. பங்காளி எவனும் தொடமாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கம்பெனி ஆள் பிரிட்டோ பைக்கில் வந்தான். திண்டுக்கல் பையன். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கும். நான் மோட்டார் ரூமில் இருந்தேன்.

"பெரியவரே, மோகன் எங்க?"

"அப்பனை ஆஸ்பத்திரியில கைவிட்டுட்டாக. இப்பத்தான் தூக்கிட்டு வந்து போட்டுருக்கான். என்கிட்டச் சொல்லு."

"அமெரிக்கா லோடு நின்னு போச்சு. நம்ம சரக்குக்கு வரியை அம்பது சதவீதமாக்கிட்டான்ல. நம்ம ரஷ்யாகிட்ட எண்ணெய் வாங்குறோம்னு அவனுக்குக் கோவம்."

"எண்ணெய் வாங்குனது யாரு? நானா?"

சிரித்தான். "புதுசா ஒரு பார்ட்டி பிடிச்சிருக்கோம். ரஷ்யாவுலயே."

"அடிச்சவன் ஒருத்தன், அடி வாங்கிக் குடுத்தவன் ஒருத்தன். இப்ப அவன்கிட்டயே விக்கப் போறியா?"

"உலகம் அப்படித்தான் சுத்துது பெரியவரே. கேளுங்க. அவனுக்குச் சின்னது வேணாம், பெருசுதான் வேணும். நாளைக்கும் நாளக்கழிச்சும் பறிக்காதீங்க. கொடியிலயே விடுங்க. புதன்கிழமை காலையில பறிச்சுக் கொண்டாங்க. ஒரே லோடுதான். அதோட இந்தப் போகத்துக்கு ஷெட்டை மூடுறோம். வாட்ஸ்அப் குரூப்புலயும் பேசிப் போட்டிருக்கேன். மோகனைக் கேக்கச் சொல்லுங்க."

சரி என்றேன். போனான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு கம்பெனிக்காரன் இதே இடத்தில் நின்று இதே வார்த்தையைச் சொன்னான். இரண்டு நாள் விடுங்கள், பெரிசா இருந்தாலும் எடுத்துக்கிறோம் என்றான். விட்டேன். கொண்டுபோனால், "இதை எவன் வாங்குவான்?" என்று கேட்டான். நாற்பது மூட்டையை நானே குழி வெட்டிக் கொட்டி மூடினேன். அன்றையிலிருந்து கழுத்தில் அட்டை போட்டவன் சொல்வதற்கு நேர்மாறாகச் செய்வது என் வழக்கம். பிரிட்டோவின் கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஊரில் பாதிப் பேரைப் பறிக்காமல் நிறுத்திவிட்டு, தனக்கு வேண்டியவன் காயை நாளைக்கே கடைசி லோடில் ஏற்றப் பார்க்கிறான்.

மோகன் வெளியே வந்தான். "பிரிட்டோ வண்டிச் சத்தம் கேட்டுச்சே சின்னய்யா?"

"நாளைக்குக் கடைசி லோடாம். பூவோட இருக்குற பிஞ்சக்கூட விடாமப் பறிச்சுப் போட்டுரணும்."

அவன் போன் மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. அதைப் போட்டுக் கேட்கிற நிலைமையில் அவன் இல்லை. சரி சின்னய்யா என்று உள்ளே போய்விட்டான்.

விடியக் கோழி கூப்பிடுகிற நேரத்தில் அண்ணனுக்கு மூச்சு நின்றது. மதினி சுந்தரம்மாள் வாயைத் திறந்தாள். சத்தம் வருவதற்குள் என் கையை வைத்துப் பொத்தினேன். கடித்தாள். உள்ளங்கையில் பல் இறங்கியது. நான் கையை எடுக்கவில்லை.

"மதினி, பறிப்பு முடியட்டும். அதுக்கப்புறம் எம்புட்டு வேணும்னாலும் அழுதுக்க."

மோகன் சுவரோரம் நின்றான். "சின்னய்யா, அய்யா..."

"அய்யா போயாச்சு. ரெண்டு ஏக்கர் இருக்கு. இப்பச் சொன்னா மூணு நாளைக்கு மண்ணைத் தொட முடியாது. கொடியெல்லாம் சுரைக்காயாத் தொங்கும். அடுத்த போகத்துக்கு விதையும் தரமாட்டான். நீயே சொல்லு, என்ன செய்ய?"

அவன் பொண்டாட்டியைப் பார்த்தான். நாகஜோதி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பக்கெட்டுகளை எடுத்தாள். அவள் பின்னாலேயே அவனும் போனான்.

பறிக்க ஏழு பெண்கள் வருவார்கள். முதல் பாத்தி வீட்டுச் சன்னலுக்கு இருபது அடி. அண்ணனைக் கழுத்து வரைக்கும் போர்வையால் மூடினேன். கண்ணை மூடிவிட்டேன். தாடையைக் கட்டவில்லை, கால் பெருவிரலைச் சேர்த்துக் கட்டவில்லை. கட்டினால் எட்டிப் பார்க்கிறவளுக்குத் தெரிந்துவிடும். மதினி விம்முகிற சத்தம் வெளியே போகக்கூடாது என்று டிவியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். நாலு பேர் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். இனிமேல் உலகத்துக்கு ஒரு நாட்டாமை கிடையாது, நாலைந்து நாட்டாமை என்றான் ஒருத்தன். அமெரிக்கா இறங்குது, சீனா ஏறியாச்சு, அடுத்தது நாமதான் என்றான் இன்னொருத்தன். அண்ணன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டு கிடந்தார்.

ஏழு மணிக்குப் பெண்கள் பாத்தியில் இறங்கினார்கள். அறிவுச்செல்விக்குத்தான் வாய் நீளம்.

"என்ன மோகண்ணே, டிவி இந்த ஓட்டம் ஓடுது? பெரியய்யாவுக்குக் காது திறந்துருச்சா?"

மோகன் குனிந்த தலை நிமிரவில்லை. "செய்தி பாக்குறாரு."

"பாருடி இந்தக் கூத்தை! மோட்டாரை நிப்பாட்டுங்கன்னு கத்துனா காது கேக்காது. செய்தி மட்டும் கேக்குதாக்கும்!"

எல்லாரும் சிரித்தார்கள். நாகஜோதியும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் சந்தேகம் வருமே. அந்தச் சிரிப்பைப் பார்த்த மோகன் அடுத்த பாத்திக்கு, அதற்கும் அடுத்த பாத்திக்கு என்று தள்ளித் தள்ளிப் போய்விட்டான்.

அவன் தூரமாகப் போன பிறகு அறிவுச்செல்வி என்னிடம் வந்தாள். "பெரியவரே, பூவோட இருக்குறதையெல்லாம் ஏன் பிய்க்கச் சொல்றீக? பறிக்காதீகன்னுல்ல பிரிட்டோ குரூப்புல பேசிருக்கானாம். எங்க வீட்டுல கேட்டுட்டு இன்னைக்குக் காட்டுப் பக்கமே போகலை."

"உன்னை இங்க கூப்பிட்டது பிரிட்டோவா, நாங்களா?"

"நீங்கதேன்."

"அப்பப் பறி."

உதட்டைச் சுழித்துக்கொண்டு போனாள். பத்து மணிக்குத் தண்ணீர் குடிக்க வீட்டுப் பக்கம் நடந்தாள். "பெரியய்யாவைச் செத்த நேரம் பாத்துட்டு வாரேன்" என்றாள். நான் ஓடிப் போய் வாசலை மறித்தேன். இந்த வயசில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

"ஆஸ்பத்திரிக்காரன் ஆளண்ட விடாதீகன்னு சொல்லியிருக்கான்."

"நான் என்ன அவரைக் கடிச்சா திங்கப் போறேன்?"

"போ தாயி, தண்ணி தொட்டியில இருக்கு."

உள்ளே டிவியில் விளம்பரம் வந்து சத்தம் மாறியது. அந்த இடைவெளியில் மதினியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, ஆடு கமறுகிற மாதிரி. அறிவுச்செல்வி நின்றாள். நான் இருமினேன். விடாமல் இருமினேன். போய்விட்டாள்.

பதினொன்றரைக்குப் பத்தொன்பது மூட்டை கட்டி முடித்தோம். கொடியில் இலை தவிர ஒன்றும் இல்லை. லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மோகனும் நானும் ஷெட்டுக்குப் போனோம். ஷெட் காலியாகக் கிடந்தது. வாசலில் ஒரு வண்டி இல்லை. நாம்தான் முதல் ஆள் என்று மோகனிடம் சொன்னேன்.

பிரிட்டோ வெளியே வந்து ஒரு மூட்டையை அவிழ்த்தான். ஒரு கை அள்ளினான். பூ வாடாத பிஞ்சு.

"மோகன், என்னய்யா இது? இதை எதுக்குப் பறிச்சீக?"

"கடைசி லோடுன்னு சொன்னீங்களே."

"புதன்கிழமைன்னு சொன்னேன். கொடியில விடுங்கன்னு குரூப்புல பேசிப் போட்டேன். பெரியவர்கிட்ட நேர்லயே வந்து சொன்னேனே!"

மோகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் பிரிட்டோவைப் பார்த்தேன்.

"அமெரிக்காவுக்கே அனுப்புப்பா" என்றேன்.

"அம்பது வரியைக் கட்டி எவன் எடுப்பான்?"

"அப்ப இதையே ரஷ்யாக்காரனுக்குக் குடு. காய் காய்தானே."

அவன் உள்ளே போய் ஒரு தகரப் பலகையை எடுத்து வந்தான். நடுவில் வட்டமாக ஓட்டை போட்டிருந்தது. "இது அவன் அனுப்புன அளவு. இதுல விழாமத் தங்குறதைத்தான் எடுப்பான்." கையிலிருந்ததை அதன்மேல் கொட்டினான். ஒன்றுகூடத் தங்கவில்லை. அத்தனையும் கீழே விழுந்து உருண்டது.

"ஏன் மோகன், நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். இன்னைக்கும் நாளைக்கும் சும்மா வீட்டுல உக்காந்திருந்தாலே போதுமே. ஊரே உக்காந்துதான இருக்கு?"

"எங்கய்யா செத்துட்டாரு" என்றான் மோகன். அந்த வார்த்தையை அவன் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஐயோ. எப்ப?"

"விடியக்காலையில."

பிரிட்டோ மூட்டைகளைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். கழுத்து அட்டையைச் சட்டைப் பைக்குள் சொருகிக்கொண்டு இரண்டடி பின்னால் போனான்.

மூட்டைகளோடு வீட்டுக்குத் திரும்பியதும் மோகன் முதல் வேலையாக டிவியை அணைத்தான். வீடு அப்படியே அமுங்கிப் போனது.

"மதினி, இப்ப அழு" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் சொட்டு இல்லை. "எம்புட்டு நேரம் அழணும்னு அந்தப் பிரிட்டோகிட்டக் கேட்டுட்டு வாங்க, கொழுந்தனாரே."

தப்பு அடிக்கிறவனுக்குச் சொல்லி அனுப்பினோம். ஊர் கூடியது. எப்பப் போச்சு என்று கேட்டவர்களுக்கெல்லாம் இப்பத்தான் என்றேன். குளிப்பாட்டும்போது அண்ணன் கை மடங்கவில்லை. கால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு விறைத்துக் கிடந்தன. தாடையைக் கட்டத் துணியை வைத்து இழுத்தார்கள், வாய் மூடவில்லை. தண்ணீர் மொண்டு கொடுத்த அறிவுச்செல்வி அந்த வாயையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"செய்தி பாத்துக்கிட்டிருந்தாராக்கும்" என்றாள். பெண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள்.

வாய்க்கரிசி போடும்போது திறக்கிற சிரமம் யாருக்கும் இல்லை.

புதன்கிழமை சுடுகாட்டில் பால் ஊற்றினோம். ரோட்டில் வண்டிக்குப் பின் வண்டியாக ஊர்க்காரன் வெள்ளரி ஷெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மூட்டை வாய் வழியாகக் காய் பிதுங்கித் தெரிந்தது. ஒவ்வொன்றும் கத்தரிக்காய் தண்டி. பால் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு மோகன் கடைசி வண்டி போகிற வரைக்கும் பார்த்தான். அண்ணன் சாவுக்கு முறைப்படி உட்கார்ந்திருந்தால் எங்கள் காயும் அதில் போயிருக்கும். இதை அவன் என்னிடம் சொல்லவில்லை. என்னிடம் அவன் எதையும் சொல்வதில்லை.

பத்தொன்பது மூட்டையும் சுவரோரம் கிடந்தது. ஆடு வந்து மோந்துவிட்டு நடந்தது. குழி வெட்டுகிறேன் என்று மண்வெட்டியை எடுத்தேன். "வைங்க அதை" என்றாள் மதினி. தண்ணீர் பிடிக்கிற நீலப் பீப்பாய்கள் அத்தனையையும் கழுவச் சொல்லி, கல் உப்பு வாங்கிவரச் சொல்லி, அவளும் நாகஜோதியும் இரண்டு நாளாக அள்ளிப் போட்டு அடைத்தார்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

நாலைந்து நாள் கழித்துச் சாப்பாட்டில் தெரிந்தது. மற்றவர்களுக்கு அவரைக்காய். என் தட்டில் சோற்றுக்குப் பக்கத்தில் உப்பில் ஊறின பிஞ்சு எட்டு. புளிப்பும் கசப்பும் உப்பும். "தொட்டுக்க வெஞ்சனம்" என்றாள் மதினி. மறுநாளும் எட்டு. ராத்திரியும் எட்டு. நான் தின்று முடிக்கிற வரைக்கும் அவள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். கடிபட்ட உள்ளங்கையில் உப்பு எரியும். பிசைந்து தின்பேன். எழுந்து போக எனக்கு வேறு வீடு இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிரிட்டோ வந்தான். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு மோகனிடம் மெதுவாகச் சொன்னான். அமெரிக்காக்காரனோடு பேச்சுவார்த்தை நடக்குதாம். அவன் இறங்கி வந்தால் மறுபடியும் சின்னதுதானாம். விதைக்குப் பேரை எழுதிக்கிடவா என்று கேட்டான்.

"எழுதிக்கங்க" என்றான் மோகன். "எதுவா இருந்தாலும் எனக்கு, இல்ல நாகஜோதிக்குச் சொல்லுங்க. வீட்டுல வேற ஆம்பள கிடையாது."

நான் பக்கத்துப் பந்தியில்தான் உட்கார்ந்திருந்தேன். ஊர்க்காரன் இலையில் எல்லாம் வடை, பாயசம், மூன்று கூட்டு. மதினி கிண்ணத்தோடு வந்து என் இலையில் எண்ணி வைத்தாள். எட்டு.

"பீப்பாய் இன்னும் எத்தனை இருக்கு?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் கெடாது" என்றாள். "சாப்பிடுங்க."