இருட்டினால் இறங்காத விமானம்

மாலத்தீவில் சின்ன விமானம் ஏறுவதற்கு முன்னால் என் வீட்டுக்காரரை எடை போட்டார்கள். பெட்டியை இல்லை, ஆளை. ஆயுசு முழுக்கக் காஞ்சிபுரத்தில் அரிசி மண்டி வைத்து ஊருக்கே எடை போட்டுக் கொடுத்த ஆதிநாதனுக்கு இப்படி ஒரு நாள் வரும் என்று யார் கண்டது? தராசு மேலே நின்றுகொண்டு என்னைப் பார்த்து முறைத்தார். "இன்னா இது, கனகு? மூட்டையா நானு?" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

என் முறை வந்ததும், பட்டுப்புடவையில் இருக்கிற ஜரிகைக்கு எடை கழிக்க வேண்டும் என்று கறாராகச் சொன்னேன். கவுண்ட்டரில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த பெண்ணுக்குத் தமிழ் புரியவில்லை. எங்களுக்குப் பின்னால் நின்ற ஒருவர் அதை இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் பெயர் ஜோசுவா, நாகர்கோவில்காரர். ஏதோ ஒரு தீவுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், லீவு முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார்.

சிரிப்பெல்லாம் அதோடு சரி. அடுத்து எங்கள் சாக்கு மூட்டையைத் தூக்கி வைத்தார்கள். அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கினாள். விமானம் சின்னது, இவ்வளவு கனம் தாங்காது, மூட்டை நாளைக்கு வரும் என்று ஜோசுவா மூலமாகச் சொன்னாள். இவருக்கு முகம் செத்துவிட்டது.

அந்த மூட்டையில் அரிசி, பருப்பு, புளி, நான் இடித்த பொடிகள், ஒரு கரண்ட் அடுப்பு, ஒரு பாத்திரம், எல்லாம் இருந்தன. பெற்ற பிள்ளை வீட்டுக்குப் போகிறவர்கள் யாராவது அடுப்போடு போவார்களா? நாங்கள் போனோம். பிள்ளை கையால் ஒரு வாய் சாப்பிடுவதில்லை என்று இவர் சபதம் போட்டிருந்தார்.

நாங்கள் திருப்பருத்திக்குன்றத்து ஜைனர்கள். கவுச்சி என்கிற பேச்சே வீட்டில் கிடையாது. பொழுது சாய்ந்தால் அடுப்பு அணைந்துவிடும், அதற்குப் பிறகு ஒரு பருக்கை கூட வாயில் போடமாட்டோம். எங்கள் ஒரே பிள்ளை ரிஷப் எலக்ட்ரிகல் படித்துவிட்டு இந்தத் தீவுகளில் விமான ஓடுபாதைக்கு விளக்கு போடும் வேலைக்கு வந்தான். மண்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையே என்று அப்போதே இவருக்கு மனத்தாங்கல். அதுவாவது ஆறியிருக்கும். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் தன் போனில் ஸ்டேட்டஸாக ஒரு போட்டோ வைத்தான். ஆள் உயர மீன் ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு படகில் நிற்கிறான். மண்டியில் வாடிக்கைக்காரர்கள் நடுவே யாரோ அதை இவரிடம் காட்டிவிட்டார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் நேரே கிணற்றடிக்குப் போய்த் தலை முழுகினார். அதோடு பிள்ளையிடம் பேச்சை நிறுத்திவிட்டார். அவன் போன் செய்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். நீ மீன் தின்றாயா என்று ஒரு வார்த்தை கேட்கவும் மாட்டார், அவன் சொன்னால் காது கொடுக்கவும் மாட்டார். நடுவில் நான் கிடந்து அல்லாடினேன்.

போன மாசம் ரிஷப் ரெண்டு பேருக்கும் டிக்கெட் அனுப்பினான். "நான் போறேன். நீங்க வந்தா வாங்க, வராட்டி வீட்டைப் பூட்டிக்கினு மண்டியிலயே படுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டேன். ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூணாம் நாள், "உனுக்கு ஏணி ஏறத் தெரியாது, யார் கையைப் புடிச்சிப்ப?" என்று கேட்டுவிட்டு மூட்டை கட்ட ஆரம்பித்தார். அந்த மூட்டைதான் இப்போது மாலே விமான நிலையத்தில் நின்றுபோனது.

போதாக்குறைக்கு மழை பிடித்துக்கொண்டது. பகலில் கிளம்ப வேண்டிய விமானம் நகரவில்லை. கையில் இருந்த புளிச்சோற்றை மத்தியானமே முடித்துவிட்டோம். ஜோசுவா நல்ல மனுஷர், பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். இவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முட்டை கலந்திருப்பான், வேணாம்பா" என்று கொடுத்துவிட்டார். வயிறு கூப்பாடு போடுவது எனக்கே கேட்டது.

மழை விட்டபோது ஜோசுவா விசாரித்துக்கொண்டு வந்தார். "இன்னைக்கு ரிஷப் இருக்கிற தீவுக்குப் போகாதாம், அண்ணாச்சி. அங்க ஓடுபாதையில இன்னும் லைட் இல்ல. இருட்டிட்டா விமானம் இறங்காது. வழியில, அதுக்குப் பக்கத்துல இருக்கிற தீவுல நம்மளை இறக்கி விட்டுட்டுக் காலையில கூட்டிட்டுப் போவாங்களாம்."

இவர் வெளியே நின்ற விமானத்தைப் பார்த்தார். "பொழுது சாஞ்சா இதுக்கும் ஒண்ணும் கிடையாதா? அப்போ இது நம்ம ஜாதி விமானம்தான்" என்றார். மூட்டை போன பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வேடிக்கை அது. எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. உடனே ரிஷபுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "சரிம்மா, பார்த்துக்கறேன்" என்று வைத்துவிட்டான். என்னத்தைப் பார்த்துக்கொள்வான், நடுவில் இத்தனை கடல் கிடக்கிறது என்று நினைத்தேன்.

விமானம் நம்ம ஊர் மினி பஸ் மாதிரி இருந்தது. எழுந்து நின்றால் தலை இடித்தது. இறக்கை விசிறி சுற்றின சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. கீழே தீவுகள் கோலப்பொடி சிந்தினதுபோல் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. இவர் என் கையை விடவில்லை. எனக்காகப் பிடித்தாரா, தனக்காகப் பிடித்தாரா என்று நான் கேட்கவில்லை, பாவம்.

இறங்கின இடத்தை விமான நிலையம் என்று சொன்னால் நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு கோபித்துக்கொள்ளும். ஓட்டுக்கூரை போட்ட ஒரே ஒரு அறை, ரெண்டு பெஞ்சு, தூங்குகிற ஒரு பூனை. தீயணைக்கிற வண்டியில் உட்கார்ந்திருந்த ஆளே இறங்கி வந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போனார். இடுப்பு உயரத்துக்குக் கம்பி வேலி, அதற்கு அந்தப்பக்கம் தென்னைமரம், அதற்கப்புறம் கடல். தண்ணீருக்கு மேலே சூரியன் கொஞ்சமாக மிச்சம் இருந்தது.

வேலிக்கு அந்தப்பக்கம் ரிஷப் நின்றுகொண்டிருந்தான்.

சட்டை, தலை எல்லாம் உப்புத் தண்ணீரில் நனைந்திருந்தன. ஒரு டிபன் கேரியரை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தான். நான் போன் செய்த உடனே, எங்களுக்காகச் செய்து வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு படகு பிடித்துக் கிளம்பியிருக்கிறான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஏண்டா, இந்தக் கடல்ல இப்படியா வருவ? கவுந்திருந்தா?" என்று திட்டினேன். என் வாயில் அப்போது வேறு ஒன்றும் வரவில்லை.

"பொழுது போவுதும்மா. முதல்ல சாப்பிடுங்க. மத்தியானத்துல இருந்து ஒண்ணும் இல்லாம இருப்பீங்க" என்றான். வேலியைச் சுற்றி உள்ளே வந்து கேரியரை பெஞ்சின்மேல் வைத்தான். இவர் கடலைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

ரிஷப் கேரியரைப் பிரித்தான். தயிர்சாதம், வாழைக்காய் வறுவல், தேங்காய்த் துவையல். தாளிப்பில் இஞ்சி கூட இல்லை. கிழங்கு வகை எதுவும் எங்கள் வீட்டில் சேர்க்கமாட்டோம், அதை ஞாபகம் வைத்துச் செய்திருக்கிறான். தண்ணீர் பாட்டில் வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. எங்கள் வழக்கப்படி வடிகட்டின தண்ணீர். இவர் ஓரக்கண்ணால் அந்தத் துணியைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

"என்னங்க, சாப்பிடுங்க."

இவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சூரியன் உங்க மண்டிக் கணக்குப்புள்ளையா, நீங்க சொல்ற வரைக்கும் காத்துக்கினு நிக்கறதுக்கு? நீங்க சாப்பிடாட்டி நானும் சாப்பிடமாட்டேன். ரெண்டு பேரும் இங்கயே பட்டினி கிடப்போம்" என்று கத்தினேன். பூனை எழுந்து போய்விட்டது. ஜோசுவா மரியாதையாகத் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

அப்போதுதான் இவர் திரும்பினார். ரெண்டு வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்டார்.

"அந்த மீனை நீ தின்னியா?"

நான் ரிஷபைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். இல்லை என்று சொல்லிவிடுடா, தொல்லை ஒழிந்தது என்று. அவன் என்னைப் பார்க்கவே இல்லை.

"அந்த மீனைத் தின்னலப்பா. கூட வேலை செய்யறவங்க புடிச்சாங்க. கையில குடுத்தாங்க, புடிச்சிக்கினு போட்டோ எடுத்துக்கிட்டேன். அவ்ளோதான்." கேரியர் மூடியைக் கீழே வைத்தான். "ஆனா வேற ஒரு தடவை சாப்பிட்டிருக்கேன். எனக்கு ஜுரம் வந்து எழுந்துக்க முடியாம கிடந்தேன். பக்கத்து வீட்டு அம்மா கஞ்சித்தண்ணி மாதிரி ஒண்ணு குடுத்தாங்க. மீன் போட்டதுன்னு வாசனையிலயே தெரிஞ்சிது. தெரிஞ்சும் குடிச்சேன். அந்த ஒரு தடவைதான். உங்ககிட்ட பொய் சொல்லமாட்டேன்."

போச்சு என்று நினைத்தேன். இனிமேல் இந்த ஜன்மத்தில் இந்த மனுஷன் பேசமாட்டார், நாளைக்கே ஊருக்குத் திரும்பச் சொல்வார் என்று நினைத்தேன்.

இவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஜுரமா? எப்போ?"

"நீங்க பேசறதை நிறுத்தினீங்களே, அதுக்கு அடுத்த மாசம்."

"எத்தினி நாளு?"

"பத்து நாளைக்கு மேல இருக்கும். டெங்குன்னாங்க."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"சொல்லலப்பா. சொன்னா அம்மா அழும். நீங்க எழுந்து வாசலுக்குப் போவீங்க."

இவர் உதடு நடுங்கியது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த முகத்தைப் பார்க்கிறேன், அவர் அப்பா செத்த அன்றைக்கு அப்படி நடுங்கிப் பார்த்திருக்கிறேன். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கடல் பக்கம் பார்த்தார். சூரியன் நெற்றிப்பொட்டு அளவுக்குத்தான் இருந்தது.

"நீ சாப்பிட்டியா?"

"இல்லப்பா. மூணு பேருக்கும்தான் எடுத்தாந்தேன்."

"அப்போ இன்னாத்துக்கு நின்னுக்கினு இருக்கிற? பொழுது போவுது, வா, உட்காரு" என்றார். சின்ன வயதில் தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கிற பையனைக் கூப்பிட இதே குரல்தான் வரும். ரிஷப் அவருக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தான். இவர் கேரியரில் கையை விட்டுப் பிசைந்து, முதல் உருண்டையை அவன் உள்ளங்கையில் வைத்தார். அடுத்ததை எனக்குக் கொடுத்தார். மூன்றாவதைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

பேச நேரம் இல்லை. அவசர அவசரமாக மூணு பேரும் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டு முடித்தோம். ரிஷப் அழுதுகொண்டே சாப்பிட்டான். "உப்பு சரியாதான் இருக்குது, நீ வேற சேக்காத" என்று இவர் சொல்ல, அழுகையிலேயே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை கழுவும்போது சூரியன் இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஓடுபாதையின் ரெண்டு ஓரத்திலும் விளக்குகள் வரிசையாக எரிந்தன.

"இதெல்லாம் யாரு போட்டது?" என்று இவர் கேட்டார்.

"நாங்கதான்பா, போன வருஷம். அடுத்து என் தீவுலதான் போட்டுக்கினு இருக்கோம்."

"ம். நல்லாதான் இருக்குது" என்றார். எங்கள் மண்டி அகராதியில் அது பெரிய பாராட்டு.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "கவலைப்படாதீங்க. காலையில உங்க மூட்டை வந்துடும். அடுப்பு, அரிசி எல்லாம் வந்துடும். நீங்க தனியா பொங்கிச் சாப்பிடலாம்" என்றேன்.

இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. தள்ளி நின்ற ஜோசுவாவைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"வாத்தியாரே, ஒரு போன் போட்டுக் குடுக்கிறீங்களா? மாலேயில எடை போட்ட பொண்ணுகிட்ட சொல்லுங்க, மூட்டை அங்கயே இருக்கட்டும். திரும்பிப் போவும்போது எடுத்துக்கறோம்."