தனசிங் யார் பக்கம்

ஐப்பசி மழைக்கு முன்னால் கம்பளி கொடுப்பது அந்தத் தேயிலைத் தோட்டத்து வழக்கம். காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்துவிடுகிற பெரட்டுக் களத்தில் அன்றைக்குத் துரையே நாற்காலி போட்டு உட்காருவார். பேர் கூப்பிட்டதும் போய்க் கம்பளியை வாங்கி, ஒரு கும்பிடு போட்டுவிட்டு வர வேண்டும். விலையைக் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். வேண்டுமா என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. வேண்டாம் என்று யாரும் சொன்னதுமில்லை.

தனசிங் சொன்னான்.

"எனக்கு வேண்டாமுங்க. கோத்தகிரியில ரஹ்மத்துல்லா பாய் கடையில போன வாரந்தான் ரெண்டு வாங்கினேன். நல்ல தடிப்புங்க."

களம் அப்படியே நின்றுவிட்டது. வெள்ளைக்காரனை வெளியே போகச் சொல்லிவிட்டுக் காங்கிரஸ்காரர்கள் கூட்டங்கூட்டமாக ஜெயிலுக்குப் போன வருஷம் அது. துரை கொடுக்கிற துணியை ஒருவன் வேண்டாம் என்றால் அதற்கு வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்? துரை அடுத்த பேரைக் கூப்பிடச் சொல்லிக் கையை ஆட்டினார்.

தனசிங்குக்கு அப்படி ஒரு நினைப்பே கிடையாது. என் உடம்புக்கு எதைப் போர்த்துவதென்று நான் பார்த்துக்கொள்கிறேன், உன் உடம்புக்கு நீ பார்த்துக்கொள். என்னை யாரும் இழுக்க வேண்டாம், நானும் யாரையும் இழுக்க மாட்டேன். அவன் மனசில் இருந்தது அவ்வளவுதான். அதற்கென்று ஒரு பேர் இருக்கும் என்றுகூட அவன் நினைத்ததில்லை.

பேர் வைக்க மற்றவர்கள் இருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பஜாருக்குப் போனபோது கதர்க் கடை லூயிஸ் தெருவிலேயே இறங்கிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க, வாங்க. துரை மூஞ்சிக்கு நேரா வேண்டாமுன்னீங்களாமே. நம்மாளுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. காந்தி தொப்பி ஒண்ணு எடுத்துக்குங்க."

"கம்பளி வேண்டாம்னதுக்குத் தொப்பி போடோணுங்களா?"

லூயிஸ் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

டீக்கடையில் குன்னூர்த் தொழிலாளர் சங்கத்து மக்பூல் பிடித்துக்கொண்டான். "கம்பளியைச் சும்மா குடுக்கோணும்னு நாங்க தொண்டை கிழியக் கேட்டுட்டு இருக்கறோம். நீ வேண்டாமுன்னு சொல்லிக் காரியத்தைக் கெடுத்துட்டியே. துரை ஆளாய்யா நீ?"

"சும்மா குடுத்தா, வேண்டாங்கறவனை உட்டுருவீங்களா?"

"அதெப்படி? எல்லாரும் ஒண்ணா நிக்க வேண்டாமா?"

"அப்ப அதுவும் இதே கதைதானுங்களே."

"கருங்காலிப் பயலே" என்றான் மக்பூல், கோபம்கூட இல்லாமல். டீக்கு அவனே காசு கொடுத்துவிட்டும் போனான்.

தனசிங் எல்லாவற்றையும் மறந்துவிட்டான். கார்த்திகை மாசத்தில் அவன் மனைவி தபித்தாளுக்கு இருமல் வந்தது. மார்கழியிலும் நிற்கவில்லை. ஒரு நாள் எச்சிலில் ரத்தம் பார்த்தாள். இந்தக் குளிரில் வைத்திருந்தால் தாங்க மாட்டாள், கீழே கொண்டுபோ என்று தோட்டத்து மருந்துக்காரர் சொல்லிவிட்டார். மேட்டுப்பாளையம் பாதையில், மலை பாதி இறங்கிய இடத்தில், ஒரு காப்பித் தோட்டத்தில் அவள் அண்ணன் சின்னராஜ் மேஸ்திரி. வேலை இருக்கிறது, பற்றுச் சீட்டோடு வா என்று சொல்லி அனுப்பினான்.

ஒரு தோட்டத்தை விட்டவனை இன்னொரு தோட்டத்தில் சேர்க்க அந்தச் சீட்டு வேண்டும். ஆபீஸ் கிளார்க் பாலசுப்பிரமணியம் எழுதினார், துரை கையெழுத்துப் போட்டார். தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயன் வீட்டை நாலு நாளில் காலி செய்யச் சொன்னார்கள். நாற்பது வயசில் சர்ச் உபதேசியார் வீட்டுக் கரும்பலகையில் தமிழ் எழுத்துகளைப் பாடுபட்டுக் கற்றவன் தனசிங். சீட்டோ இங்கிலீஷில் இருந்தது. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, முதலில் அவன் மட்டும் இறங்கிப் போனான்.

கீழ்த் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை படித்துப் பார்த்துவிட்டுச் சீட்டைத் திருப்பி நீட்டினார்.

"காங்கிரஸ்னு எழுதியிருக்குதப்பா."

தனசிங் அன்றைக்கே மேலே ஏறினான்.

"நான் காங்கிரஸ் இல்லீங்களே" என்றான் பாலசுப்பிரமணியத்திடம்.

"எனக்குத் தெரியும். துரை சொன்னதை எழுதினேன். சரி, என்னன்னு எழுதறது? சங்கமா?"

"இல்லீங்க."

"துரை விசுவாசியா?"

"அதுவும் இல்லீங்க. என்னை என்பாட்டுக்கு உட்டாப் போதுமுங்க."

பாலசுப்பிரமணியம் பேனாவை வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "அதுக்கு என்கிட்ட வார்த்தை இல்லையே தனசிங். துரைகிட்டயும் இருக்காது."

சீட்டுகளுக்கு வரிசை நம்பர் உண்டு. ஒரு ஆளுக்கு இன்னொன்று கிழிக்க முடியாது. பழைய சொல்லை அடித்து, மேலே, எந்தக் கட்சியிலும் சேராதவன் என்று எழுதி, துரையிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தார். அந்த மனுஷன் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

நாலாம் நாள் வீட்டைக் காலி செய்து, மூட்டையும் தபித்தாளுமாகப் பஸ்ஸில் இறங்கினார்கள். கேட்டுக்கு வெளியே ஒரு கல்லில் அவளை உட்கார வைத்தான். கேட்டருகே மேஜை போட்டிருந்த கணக்கப்பிள்ளை சீட்டை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு தடவை காங்கிரஸ்ங்கறாங்க, அப்புறம் இல்லைங்கறாங்க. நடுவுல என்ன பண்ணினே?"

"எழுதினதும் அவங்க, அடிச்சதும் அவங்க. நான் ஒண்ணும் பண்ணலீங்க."

"எதுலயும் இல்லாதவனைப் பத்தி எவனாச்சும் ரெண்டு தடவை எழுதுவானா?"

பக்கத்தில் நின்ற சின்னராஜ் தரையைப் பார்த்தான்.

கல்லின்மேல் தபித்தாள் இருமினாள். தனசிங் கணக்கப்பிள்ளையின் மேஜைக்கு அருகே போனான்.

"என்ன பேர் போட்டா உள்ளே உடுவீங்கன்னு சொல்லுங்க. அதையே எழுதிக்குங்க. நான் அப்படியே இருந்துக்கறேன்."

"இப்படிச் சொல்றவனைக் கண்டாத்தான் எங்க துரைக்கு இன்னும் பயம்" என்றார் கணக்கப்பிள்ளை. கெட்ட மனுஷர் இல்லை. கொஞ்சம் யோசித்து, "மேஸ்திரி தங்கச்சிங்கற முறையில இந்தம்மா லயன்ல இருக்கட்டும். நீ உள்ளே வரப்படாது" என்றார்.

சின்னராஜ் மூட்டையை எடுத்துக்கொண்டான். தபித்தாள் எழுந்து நான்கடி நடந்து, திரும்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, நீங்க எங்கே போவீங்க?"

"போறேன். நீ போய்ப் படு."

அவர்கள் காப்பிச் செடிகளுக்குள் மறைந்தார்கள். காவல்காரன் கேட்டைச் சாத்தினான். இத்தனை வருஷத்தில் எங்கே வரவும் எங்கே போகவும் யாரிடமும் உத்தரவு கேட்காத தனசிங், தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"ஞாயித்துக்கெழமை வந்து, இப்படி வெளியவே நின்னு பார்த்துட்டுப் போகலாமுங்களா?"

"என்னைக் கேட்டா நான் என்னங்க சொல்றது?" என்றான் காவல்காரன்.