சீமோனின் சுமையைப் பங்கிட்ட ஒழுங்கை

சென்ற வருடத் தவக்காலத்தின் இரண்டாம் வெள்ளிக்கிழமை, கொழும்பு கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்குப் பின்னாலுள்ள குறுகிய ஒழுங்கையில், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் றேமண்டின் வலது தோளில் ஒரு சிலுவை ஏறியது. சிலுவை கண்ணுக்குத் தெரியவில்லை. பாரம் மட்டும் இருந்தது. மறுநாள் பேலியகொடை மீன் சந்தைக்குக் கூட்டிப்போய்த் தராசில் நிறுத்தியபோது இரண்டு ஆள் எடை காட்டினான். தராசுக்காரர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அடுத்த கூடைக்கு இடம் விடச் சொன்னார்.

அந்த ஒழுங்கையில் தவக்கால வெள்ளி மாலைகளில் இயேசுவின் பாடுகளைக் கூடிப் படிப்பார்கள். அவர்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. வேதத்தில் வரும் ஆட்களில் ஒருவரைத் தெரிவுசெய்து, அவருக்குப் பதிலாகத் தன் பெயரைப் போட்டு வாசிக்க வேண்டும். அப்போதுதான் வேதனை உறைக்குமாம். ஆனால் ஆட்கள் கெட்டிக்காரர்கள். வருடா வருடம் தூரத்தில் நின்று பார்த்த பெண்களையும் வழிப்போக்கர்களையுமே எடுத்துக்கொள்வார்கள். றேமண்ட்தான், கன்டெய்னர் தூக்குகிறவனுக்கு இதெல்லாம் ஒரு பாரமா என்று, படைவீரர்கள் பிடித்துச் சிலுவை சுமக்க வைத்த சிரேன் ஊர்ச் சீமோனை எடுத்தான். தன் பெயரைப் போட்டு வாசித்து முடித்தவனால் நிமிர முடியவில்லை.

எலும்பில் கோளாறு இல்லை, ஆனால் இப்படியே போனால் பெரிய வெள்ளிக்குள் முதுகு முறிந்துவிடும் என்றார் டாக்டர். பங்குத்தந்தை ஜெபித்தும் பாரம் அசையவில்லை. ஒழுங்கை ஆட்கள் நற்செய்திகளை வரி வரியாகத் துழாவினார்கள். மூன்றில் சீமோனின் தோளில் சிலுவையை ஏற்றியதாக இருக்கிறது. நான்காவதில் யோவான் அவனைப் பற்றி மூச்சே விடவில்லை. இறக்கியதாக எதிலும் இல்லை. றேமண்டின் மனைவி அருள்நாயகி அன்று அழுதாள். அவன் குனிந்தே திரிந்ததால் அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தே நாளாகியிருந்தது.

அடுத்த வெள்ளி அவள் புத்தகத்தை வாங்கி, அதே வசனத்தைத் தன் பெயர் போட்டு வாசித்தாள். அவளுடைய தோள் தாழ்ந்தது. அவனுடையது அந்த அளவுக்கு உயர்ந்தது. கூடியிருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். வேதத்தில் வேடிக்கை பார்த்தவர்களின் இடத்திலேயே இத்தனை வருடமும் தாங்கள் ஒளிந்திருந்தது அப்போதுதான் உறைத்தது. முதலில் யூஜினா டீச்சர் எழும்பி வாசித்தார். பிறகு பக்கத்து வீட்டு டெரிக் எழும்பினான். பிறகு வரிசையே நின்றது. ஒவ்வொரு பெயர் சேரும்போதும் பாரம் எல்லாருக்கும் சமமாகப் பிரிந்தது. கடைசியில், வாசலோடு நின்றிருந்த பலசரக்குக் கடை நிஸாம் தொண்டையைச் செருமினார்.

“எங்கட கிதாபுல இந்தக் கத வேற மாதிரி,” என்றார். “அதுக்காக மனிசன் குனிஞ்சு போறத பாத்துக்கிட்டு இருக்க ஏலாதானே. என்ட பேரையும் போட்டு வாசிங்க தங்கச்சி.”

அருள்நாயகி நிஸாமின் பெயரைப் போட்டு வாசித்தாள். றேமண்ட் நிமிர்ந்து நின்றான். தாடி மண்டிய அந்த முகத்தை அவள் கூச்சமில்லாமல், எல்லார் முன்னாலும், ஆசை தீரப் பார்த்தாள்.

அன்றிலிருந்து அந்த ஒழுங்கை ஆட்களுக்கு வலது தோள் சற்றே தாழ்வு. தையற்கடைக்காரர் கேட்காமலே அதற்கேற்ப வெட்டுகிறார். பஸ்ஸில் கண்டதும் எந்த ஒழுங்கை என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அதில் இவர்களுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. கொழும்பில் இப்படி இன்னொரு ஒழுங்கை இருந்தால் காட்டட்டும். வெள்ளவத்தையிலிருந்து ஒரு சுகமளிக்கும் போதகர், மிச்சப் பாரத்தையும் ஜெபித்து இறக்கித் தருவதாகச் சொல்லி வந்தார். அருள்நாயகி அவருக்குத் தேநீர் கொடுத்தாள்.

“இறக்க வேணாம் பிரதர்,” என்றாள். “இது நாங்க பங்கு போட்டுத் தூக்குறது.”

போன மாதம் மூலை வீட்டுக்கு ரதி குடிவந்தாள். கோயிலுக்குப் போகிற சைவக் குடும்பம். சாமான்களை இறக்கி வைத்த கையோடு அருள்நாயகியிடம் வந்து, தன் பங்குக்கு எவ்வளவு பாரம் வரும் என்று கேட்டாள். ஒரு தேங்காய் அளவு வரும் என்றாள் அருள்நாயகி. ரதி தலைமயிரை ஒதுக்கிவிட்டு வலது தோளைக் காட்டினாள்.