மீதி இரண்டு முடிச்சு

வர்ஷினி ஸ்ரீரங்கனுடைய தம்பி மகள். ஆவணியில் மயிலாப்பூரில் நடந்த அவள் கல்யாணத்தில், மகளை மடியில் உட்கார்த்திக்கொண்டு தாரை வார்த்தது மட்டும்தான் தம்பியின் வேலை. மற்றது அனைத்தையும் பெரியப்பாவான ஸ்ரீரங்கன் நின்று நடத்தினார். பிள்ளை வீட்டார் ஒரு குறை சொல்ல அவர் இடம் வைக்கவில்லை. குறை நான்கு மாதம் கழித்து அமெரிக்காவிலிருந்து தொலைபேசியில் வந்தது.

"மாமா, நீங்க அனுப்பின டேப்புல கல்யாணத்தையே காணோமே! கோடு கோடான்னா ஓடறது" என்று சிரித்தாள் சம்பந்தி மாமி. "வர்ற சனிக்கிழமை நாப்பது பேரைக் கூப்பிட்டிருக்கேன். எங்க ரஞ்சனி நாத்தனார் முடிச்சு போட்டதை எல்லாரும் பார்க்க வேண்டாமா? அன்னிக்கு இருந்த கூட்டத்துல எனக்கே அது கண்ணுல படலை."

மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட, அவன் சகோதரி மற்ற இரண்டையும் போடுவது அவர்கள் வழக்கம். மாப்பிள்ளை பரத்வாஜின் அக்கா ஸ்ரீரஞ்சனி அதற்கென்றே கைக்குழந்தையோடு விமானம் ஏறி வந்திருந்தாள்.

கோடு கோடாக ஓடிய கல்யாணம் என்ற பேச்சு ஸ்ரீரங்கனை முள்ளாகக் குத்தியது. மறுநாளே வீட்டிலிருந்த அதே கல்யாணத்தின் இன்னொரு டேப்பை எடுத்துக்கொண்டு தி. நகர் போனார். அதை அவர் ஒருமுறைகூடப் போட்டுப் பார்த்ததில்லை. தான் நடத்திய கல்யாணத்தைப் பெட்டிக்குள் பார்ப்பது அவருக்கு ஒப்பவில்லை.

உஸ்மான் சாலைக்குப் பின்னால் மாடியில் இருந்தது கருணாகரனின் கடை. திருநெல்வேலிக்காரர். டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சிடியாக மாற்றித் தருவார்.

"நம்ம ஊர் டேப்பு நொடிக்கு இருபத்தஞ்சு படம், அவங்க டிவிக்கு முப்பது வேணும் சார். அதான் கோடு. முன்னெல்லாம் ஒவ்வொண்ணா நானே பாத்து மாத்துவேன், தப்பு வரும். இப்ப கம்ப்யூட்டருக்கு வரிசையா கட்டளை போட்டு ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வச்சிருக்கேன். ஃபைலோட ஜாதகத்த அதுவே படிச்சுக்கிடும். எத்தன படம், என்ன அளவு, எவ்வளவு நேரம், எல்லாம். மாத்தி, ஒரு சிடில அடங்கலன்னா சரிபாதியா வெட்டி, நீளம் கூட்டிப் பாத்து, ஒரு நொடி குறைஞ்சாலும் நின்னுபோயிடும்."

"மனுஷா கை படாதே?"

"படாது சார்."

"அதுதான் வேணும்" என்றார் ஸ்ரீரங்கன்.

புதன்கிழமை காலை போனபோது இரண்டு சிடிகள் தயாராக இருந்தன. சரிபார்க்காமல் வாங்கிப் போகிறவர் அல்ல அவர். முதல் சிடியின் கடைசிப் பகுதியைப் போடச் சொன்னார். கெட்டிமேளத்துக்கு விரல் உயர்த்தி, மேளக்காரரைப் பார்த்தபடி அவரே திரையில் நின்றார். மாப்பிள்ளை குனிந்து முதல் முடிச்சைப் போட்டான். திரை நீலமானது.

"என்னய்யா இது? ஒத்தை முடிச்சோட நிக்கறது!"

"மொத்தம் நூத்தி இருபத்தெட்டு நிமிஷம் சார், அறுபத்தி நாலுல வெட்டிருக்கு. மீதி ரெண்டு முடிச்சு அடுத்த சிடில இருக்கும்."

"நாப்பது பேர் முன்னால பாதித் தாலியோட பொண்ணு காத்துண்டிருப்பாளா? உம்ம மெஷின் ஜாதகம் பார்த்த லட்சணம் இதுதானா?"

"தாலிக்கு எத்தன முடிச்சுன்னு ஃபைல்ல எழுதியிருக்காது சார்" என்றார் கருணாகரன், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "ரெண்டு நிமிஷம் தள்ளி வெட்டச் சொல்லுதேன். சாயங்காலம் வாங்க."

"முதல்ல அடுத்ததைப் போடும்."

இரண்டாவது சிடி ஓடியது. வர்ஷினியின் கழுத்துக்குப் பின்னால் இரண்டு கைகள் அவசரமாக முடிச்சிட்டன. அந்தக் கெம்பு வளையல்களை ஸ்ரீரங்கனுக்கு முப்பத்தைந்து வருஷமாகத் தெரியும். படம் மேலே ஏறி முகத்தைக் காட்டியது. அவர் மனைவி ஜானகி. தம்பி கண்ணை மூடிக்கொண்டிருந்தான். இரண்டு முடிச்சும் விழுந்து, அட்சதை ஓய்ந்த பிறகுதான், குழந்தை நனைத்த புடவையைக் கழுவிய ஈரத்தோடு, அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஸ்ரீரஞ்சனி ஓடி வந்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். ஜானகி அவளை இழுத்துத் தன் இடத்தில் நிறுத்தி, குங்குமச் சிமிழைக் கையில் கொடுத்தாள். ஸ்ரீரஞ்சனி பெண்ணுக்குக் குங்குமம் இட்டாள்.

ஸ்ரீரங்கன் நாற்காலியில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். இதைப் பற்றி ஜானகி நான்கு மாதமாக வாய் திறக்கவில்லை. சம்பந்தி மாமிக்கும் இது தெரியாது. இந்த சிடி இப்படியே போனால், பெற்ற தாயும் நாற்பது பேரும் பார்த்திருக்க, ஸ்ரீரஞ்சனி தலைகுனிவாள். கோடு கோடாக என்று சிரித்த சிரிப்பு அவருக்கு நினைவு வந்தது. அதற்குப் பதிலாகத் தான் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை, சிடியே பேசிவிடும்.

"முதல் சிடி இப்படியே இருக்கட்டும்" என்றார். "ரெண்டாவது, குங்குமத்திலேருந்து ஆரம்பிக்கட்டும்."

கருணாகரன் விழித்தார். "நாப்பது செகண்ட் போயிடுமே சார். இப்பதான ஒத்த முடிச்சுன்னு சத்தம் போட்டீங்க?"

"போட்டேன். இப்ப சொல்றதைச் செய்யும்."

கருணாகரன் தட்டிப் பார்த்தார். நீளம் குறைகிறது என்று ஸ்கிரிப்ட் நின்றுவிட்டது. "ஒத்துக்கிட மாட்டேங்குது சார். அந்தச் சோதனை வரிய எடுத்தாத்தான் ஓடும். எடுத்தா, தாலிய முழுங்கின கடைன்னு எனக்குத்தான் கெட்ட பேரு."

"உறையில கடைப் பேர் வேண்டாம். என் பேரைப் போடும்."

வியாழக்கிழமை அமெரிக்கா கிளம்பிய ஒருவர் கையில் சிடிகள் போய்ச் சேர்ந்தன. ஞாயிறு காலை, காபி டம்ளர் கையில் இருக்கும்போதே தொலைபேசி அடித்தது.

"மாமா! ஒரு முடிச்சுதான் வந்தது, மீதி ரெண்டையும் உங்க ஊர் மெஷின் முழுங்கிடுத்து! நாப்பது பேரும் சிரிச்சா. ஒரு சிடி உருப்படியா அனுப்பப்படாதா?"

அடுப்படி வாசலில் ஜானகி வந்து நின்றாள்.

"மன்னிக்கணும் மாமி" என்றார் ஸ்ரீரங்கன். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து ஜானகி கேட்டதில்லை. "நான் சரியா பார்த்து வாங்கலை."

அந்தப் பக்கம் ரிசீவர் கை மாறியது.

"மாமா, நான் ரஞ்சனி" என்றது தாழ்ந்த குரல். "மெஷின்தான் முழுங்கித்தா?"

"மெஷின்தான்" என்றார். "குழந்தை சௌக்கியமா?"