கார்குழலிக்கு நான் போட்ட கோடுகள்

என் அறிவியல் வகுப்பில் முப்பத்தேழு பேரை என்னால் எளிதாகத் தூங்கவைக்க முடியும். முப்பத்தெட்டாவது ஆளான கார்குழலியிடம் மட்டும் என் வித்தை பலிக்காது. விழித்திருப்பாள், பக்கத்தில் தூங்கும் அம்முவையும் எழுப்பி ஓயாமல் பேசுவாள்.

அவளை ‘ஆ’ பிரிவுக்கு மாற்றும்படி தலைமையாசிரியை தேவப்பிரியத்திடம் கேட்டேன். “ஒரு வாரம் கவனிங்க பொன்ராஜ் சார். எத்தனை தடவை பேசறான்னு குறிச்சுக் குடுங்க” என்றார்.

திங்கட்கிழமை, அவள் வாய் திறந்தபோதெல்லாம் நோட்டில் ஒரு கோடு. நான்கு கோடு, குறுக்கே ஐந்தாவது. மொத்தம் இருபத்திரண்டு. நோட்டை மூடாமல் சாக்பீஸ் எடுக்கப் போனதுதான் தப்பு.

இது ராயபுரம். பாதிப் பிள்ளைகள் மீன்பிடிக் குடும்பம். படகிலிருந்து இறங்கும் ஒவ்வொரு கூடைக்கும் காசிமேட்டில் இப்படித்தான் கோடு போடுவார்கள். கோடு ஏறினால் வீடே சிரிக்கும்.

நோட்டை எட்டிப் பார்த்த அம்மு கத்தினாள்: “கார்குழலிக்கு இருவத்திரண்டு கோடு கீதுபா! அவ பேசுனா சார் ஏத்திகினே கீறாரு!”

“சும்மா பேசுனா ஏத்துவாரா? பாடத்துல எதுனா கேட்டிருப்பா” என்றாள் முன் பெஞ்சு ரேகா. என் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

மறுநாள் நான் பேனாவைத் தொட்டதுமே பத்துக் கைகள் உயர்ந்தன. எல்லாம் கேள்விகள். கார்குழலிதான் முன்னணி; அவள் கேள்விகளுக்கும் கோடு ஏறியது. பதினாறு வருடத்தில் முதல்முறையாக, பாடத்தைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போக ஆரம்பித்தேன்.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை வகுப்புக்கே வந்து நோட்டைப் பார்த்தார். “நூத்திப் பதினெட்டா! இன்னைக்கே மாத்திடலாம் சார்.”

 அம்மு கார்குழலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம் மேடம்.”

“நீங்கதானே கேட்டீங்க?”

“கேட்டேன். இப்போ இவ போயிட்டா, நானே தூங்கிடுவேன்.”

“சார், போறதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு,” என்றாள் கார்குழலி. “எங்க நைனா வலையில கட்ற ஈயக் குண்டு தம்மாத்தூண்டு, அது முழுவுது. கப்பலு அம்மாம் பெரிய இரும்பு, அது இன்னாத்துக்கு மெதக்குது?”

தலைமையாசிரியை நோட்டை மூடி என்னிடமே கொடுத்தார்.

“நீ எங்கயும் போக வேணாம். தள்ளி உக்காரு, நானும் கேக்கறேன்” என்று அவள் பெஞ்சிலேயே இடம்பிடித்தார்.

மிதப்பதைச் செய்து காட்ட நான் வாளியில் தண்ணீர் பிடித்து வருவதற்குள், தன் அறையிலிருந்து வரவழைத்த எலுமிச்சைச் சாதத்தைக் கார்குழலிக்கும் அம்முவுக்கும் பங்கிட்டுவிட்டு, காலி எவர்சில்வர் டிபன் பாக்ஸை நீட்டினார்.

“மிதக்க விடுங்க, பாக்கலாம்.”