அருள்நேசனின் மஞ்சள்

சனிக்கிழமை பின்னேரம் மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதி வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர். துஷாந்தினியின் கணவர் உருத்திரமூர்த்தி தன் வழக்கமான சோபாவில் காலை நீட்டியபடி இருந்தார். சிவாஜினி ஜன்னலோரம், ஹீட்டருக்குப் பக்கத்தில், மடியில் பிரெஞ்சு வகுப்புக் கொப்பியோடு. துஷாந்தினி உட்காரவில்லை, தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நின்றாள். வித்தோல்ட் மாஸ்ரர் சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றைத் தானே தூக்கிவந்து, எல்லோருக்கும் முதுகைக் காட்டிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சுவரில் அருள்நேசன் இருந்தார். அவரையும் சேர்த்தால் ஐந்து பேர்.

அருள்நேசன் துஷாந்தினியின் அண்ணன், சிவாஜினியின் கணவர். பித்தக்குழாயில் வந்த புற்றுநோயோடு இந்த வீட்டில்தான் கடைசிக் காலத்தைக் கழித்தார். சிவாஜினிக்கு அப்போது விசா வந்துசேரவில்லை. அவர் வீடியோவில் முகம் காட்ட மறுத்துவிட்டார். போனில் கமரா பழுது என்று ஊருக்குச் சொல்லச் சொன்னார். சொன்னவள் துஷாந்தினி. செத்தவீடு முடிந்து, அடுத்த வருடம் சிவாஜினி விமானம் ஏறி வந்து இறங்கியபோது அவளுக்காகக் காத்திருந்தது மாஸ்ரர் வரைந்த இந்தப் படம் மட்டும்தான்.

நீலத் திரைச்சீலைக்கு முன்னால் சாரமும் பெனியனுமாக அருள்நேசன். முகம் நல்ல மழை கண்ட செம்மண் போல. கண்ணின் வெள்ளை பளிச்சென்று, ஓரத்தில் கொஞ்சம் நீலம் கலந்து. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வருத்தக்காரன் மாதிரியே இல்லை, நோய் தெரியவே இல்லை என்றுதான் சொல்லிப் போனார்கள். அது மாஸ்ரரின் இரக்கம் என்று துஷாந்தினி நினைத்திருந்தாள். வித்தோல்ட் கிராக்கோவில் படித்தவர். கோடு பிறகு, நிறம்தான் படம் என்று அங்கே ஓர் ஓவியர் கூட்டமே இருந்ததாம். அவருடைய ஆசிரியர்கள் அந்த வழி வந்தவர்கள். போலந்தில் இராணுவச் சட்டம் வந்த காலத்தில் மொன்றியலுக்கு வந்து, கலாசார நிலையத்தில் சனிக்கிழமை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். கார்தெரி எனும் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சிறுபிள்ளைகளுக்குச் சமைக்கும் துஷாந்தினி அங்கேதான் அவருக்கு மாணவியானாள்.

போன மாதம் அவருக்கு இரண்டு கண்ணிலும் கண்புரை எடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து மனுசன் ஓரிடத்தில் நிற்கவில்லை. இப்போதும் கதிரையிலிருந்து எழும்பினார், இருந்தார், ஒரு கண்ணைப் பொத்தினார், மறு கண்ணைப் பொத்தினார். பிறகு திரும்பிப் பார்க்காமலே பிரெஞ்சில் கேட்டார்:

“இவர் மஞ்சளாக இருந்தார், இல்லையா?”

துஷாந்தினியின் கையில் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டின. மாஸ்ரர் நிறுத்தவில்லை. கண்ணுக்குள் ஒரு மஞ்சள் கண்ணாடி வளர்ந்து கிடந்ததாம். அதற்குள்ளால் பார்த்தால் வெள்ளையும் மஞ்சளும் ஒன்றுதானாம். படம் வரையும்போது எடுத்த போட்டோ ஒன்றைப் பழைய போனில் இப்போதுதான் பார்த்தாராம். மஞ்சள் இருந்த இடத்தில் வெள்ளையைப் பூசியிருக்கிறேன், இது பிழை, இலையுதிர்காலத்தில் என் கண்காட்சி வருகிறது, ஒரு கிழமை தாருங்கள், திருத்தித் தருகிறேன் என்றார்.

“படத்துக்கும் ஒப்பரேசனோ மாஸ்ரர்?” என்றார் உருத்திரமூர்த்தி தமிழில்.

சிவாஜினி கொப்பியை மூடினாள். அவளுக்கு இன்னும் பிரெஞ்சு வராது. ஆனால் வகுப்பில் முதற் கிழமையே எண்ணும் நிறங்களும் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

“மஞ்சளெண்டு சொல்லுறார், என்ன துஷா?”

“அது லைற் வெளிச்சம், மச்சாள். இந்த வீட்டு லைற்றிலை எல்லாரும் மஞ்சள்தான்.”

சிவாஜினி எழுந்துபோய்ப் படத்துக்கு முன்னால் நின்றாள். மாஸ்ரர் ஒதுங்கி இடம் விட்டார். அவள் துஷாந்தினியைப் பாராமல் சொன்னாள்: “திருத்தட்டும். அவர் எப்பிடி இருந்தாரோ அப்பிடிக் கீறித் தரட்டும். நீங்க எல்லாரும் பாத்தனீங்கள். நான் ஒருத்திதான் பாக்கேல்லை.”

“ஒருத்தரும் இதிலை கை வைக்கக் கூடாது,” என்றாள் துஷாந்தினி. முதலில் தமிழில், பிறகு பிரெஞ்சில். தட்டை மேசையில் வைத்த சத்தம் அவளுக்கே பெரிதாகக் கேட்டது.

மறுநாள் காலை சிவாஜினி ஒரு பையோடு மெத்ரோ பிடித்து லவாலுக்குப் போய்விட்டாள். அங்கே அவளுடைய ஒன்றுவிட்ட தங்கை இருந்தாள். கோபித்துக்கொண்டு போகிறேன் என்று சொல்லவில்லை. தங்கச்சி கனநாளாய்க் கூப்பிடுறாள் என்றுதான் சொன்னாள். துஷாந்தினி போன் எடுத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மத்தியானம் எடுத்தாள், பின்னேரம் எடுத்தாள். குளிக்கிறா, கடைக்குப் போயிட்டா என்று தங்கை மறுமொழி சொன்னாள்.

“நீ அண்ணைக்குக் காவலோ, படத்துக்குக் காவலோ?” என்று உருத்திரமூர்த்தி கேட்டார்.

“நீங்க சும்மா இருங்கோ. அந்த முகத்தைக் கழுவித் துடைச்சது நான்.”

“ஓம். அதைத்தான் அந்தப் பிள்ளையும் சொல்லுது.”

அந்தக் கிழமை முழுக்க அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கார்தெரியில் கரட் சூப் அடிப்பிடித்தது. பிள்ளைகள் கோப்பையை நீட்டும்போது அவர்களின் கண் வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றும் முன்னமே படத்தைப் போய்ப் பார்த்தாள். ஒரு தடவை படத்தைக் கழற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்தாள். சுவர் வெறுமையாகத் தெரியத் திரும்ப மாட்டினாள். தனக்குப் பயம் எதில் என்று அவளுக்குத் தெரியும். அருள்நேசனைப் பற்றி அவள் மனதில் இருந்தவை இரண்டு முகங்கள். ஒன்று சுவரில் இருந்தது. சுவரில் உள்ளது போனால் மற்றதுதான் மிஞ்சும்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்த கையோடு அஹுன்ட்சிக் பகுதிக்கு பஸ் ஏறினாள். மாஸ்ரரின் வேலையறை மூடிக்கிடந்த சப்பாத்துக் கடை ஒன்றின் மேல்மாடி. கதவு திறந்தே இருந்தது. உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தரை முழுக்கக் காய்ந்த வண்ணச் செதில்கள். சுவரோரம் அடுக்கியிருந்த படங்களில் பாதிக்கு முகம் இல்லை, வானம் இல்லை, மேசைமேல் பழம் இல்லை. சுரண்டிய இடத்தில் துணியின் இழை தெரிந்தது. மாஸ்ரர் கையில் சுரண்டும் கத்தி.

“பத்து வருடம்,” என்றார் அவர், வந்தவளை இரு என்றும் சொல்லாமல். “பத்து வருடம் குருடனாக இருந்துகொண்டு மற்றவர்களுக்குப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உன்னுடையதையும் கொண்டுவந்தாயா?”

“இல்லை.”

அவர் அடுத்த படத்தை இழுத்தார். அதில் ஆற்றங்கரை ஒன்று இருந்தது. துஷாந்தினி இதற்கென்று ஒன்றும் யோசித்துக்கொண்டு வரவில்லை. கெஞ்சத்தான் வந்திருந்தாள். ஆனால் கத்தி ஆற்றுக்குப் போனதைக் கண்டதும் அவள் வாயில் வந்தது அவருடைய வகுப்புப் பாடம்.

“ஞாபகத்திலிருந்து நிறம் எடுக்காதே என்று யார் சொன்னது?”

கத்தி நின்றது.

“எலுமிச்சம்பழம் வைக்க மறந்த அன்று, வகுப்பையே கலைத்துவிட்டீர்கள். பழம் இல்லாமல் மஞ்சள் கலக்கக் கூடாது என்றீர்கள். ஒரு நிறத்தை மாற்றினால் பக்கத்து நிறம் பொய்யாகிவிடும், எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டும் என்றீர்கள். அண்ணையின் கண்ணை மஞ்சளாக்கினால் திரைச்சீலையின் நீலத்தை என்ன செய்வீர்கள்? அண்ணை இனி உங்களுக்கு முன்னால் வந்து இருப்பாரா?”

“போட்டோ இருக்கிறது.”

“போட்டோவைப் பார்த்து வரைந்ததற்கு என்னை ஒரு நாள் வீட்டுக்கு அனுப்பினீர்கள்.”

மாஸ்ரர் கத்தியைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். அறைக்குள் மேலும் கீழும் நடந்தார். துஷாந்தினி சுரண்டப்படாத படங்களை ஒவ்வொன்றாகச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். அவர் தடுக்கவில்லை.

“எனக்கு மஞ்சள் தெரியவில்லை, அதனால் படத்தில் இல்லை,” என்றார் கடைசியில். “நீ பார்த்தாய். உனக்குத் தெரிந்திருந்தது. என்னிடம் ஏன் சொல்லவில்லை?”

அவள் கையிலிருந்த படத்தைக் கீழே வைத்தாள். அன்று அவர் வெள்ளையைப் பூசியதைக் கண்டபோது அவளுக்கு வந்தது சந்தோசம். ஊருக்குச் சொன்ன கமரா பழுதை மாஸ்ரரும் சேர்ந்து சொல்வது போல இருந்தது.

“மூன்று வருடமாக நீ வாழைப்பழத்தைப் பச்சையாகவே வரைகிறாய்,” என்றார் மாஸ்ரர். “பழுக்கவே விடுவதில்லை. நான் கண் தெரியாதவன்தான். ஆனால் அதைக் கண்டேன்.” மேசையில் கிளறி மஞ்சள் குழாய் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார். “என் படம் அப்படியே இருக்கட்டும். அந்தப் பெண் கேட்டது என்னிடம் இல்லை. உன்னிடம் இருக்கிறது.”

ஞாயிறு காலை வெளிச்சம் நன்றாக இருந்தது. துஷாந்தினி சாப்பாட்டு மேசையில் தாள் விரித்து, உள்ளங்கை அளவுத் தடித்த அட்டை ஒன்றில் தொடங்கினாள். முகம் முழுக்க வரையவில்லை. ஒரு கண், கன்னம், அருகே உயர்த்திய கையின் உட்புறம். குழாய் மஞ்சளை அப்படியே வைத்தாள், அது பொய். அண்ணையின் மஞ்சள் அப்படி இருக்கவில்லை. கொஞ்சம் பச்சை விட்டாள், மண்ணிறம் விட்டாள். பக்கத்தில் ஊதா நிழல் ஒன்று வைத்ததும் மஞ்சள் தானாக எழும்பி நின்றது. எழும்பிப் போய் ஜன்னலால் தெருவைப் பார்த்தாள், வந்தாள், இருந்தாள், கண்ணின் வெள்ளையை மஞ்சளாக்கினாள். ஞாபகத்திலிருந்து எடுத்த நிறம்தான். ஆனால் மற்ற நிறங்களை மறந்தாலும் இதை அவள் மறந்ததில்லை.

உருத்திரமூர்த்தி தோளுக்குப் பின்னால் வந்து நின்று நெடுநேரம் பார்த்தார்.

“அவன்தான்,” என்றார். “போனிலை எடுத்து அனுப்பன்.”

“போனிலை நிறம் மாறிப்போம்.”

லவாலுக்கு நேரே போகலாம்தான். போனால் மச்சாளின் முகத்தைப் பார்த்ததும் வாய் திரும்பவும் லைற் வெளிச்சம் என்று சொல்லிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. அட்டை காயும்வரை இரண்டு கிழமை பொறுத்திருந்தாள். சிவாஜினி போன் எடுக்கவில்லை. காய்ந்த பிறகு எழுதினாள்:

“அன்புள்ள மச்சாளுக்கு,

நலம். உங்கள் நலமறிய ஆவல். அண்ணை மஞ்சளாகத்தான் இருந்தார். முதலில் கண், பிறகு உள்ளங்கை, பிறகு எல்லாம். தலையணை உறையிலும் பிடித்தது. கமரா பழுதில்லை. உங்களுக்குக் காட்டக் கூடாது என்று அண்ணை கேட்டார், எனக்கும் அது வசதியாக இருந்தது. வலி குறைந்த பின்னேரங்களில் இந்தக் கையால் நெற்றியை மறைத்துக்கொண்டு உங்களைப் பற்றிக் கதைப்பார். அந்த நேரத்து நிறம் இதோடு இருக்கிறது. நான் பார்த்தது இவ்வளவுதான்.

மாஸ்ரர் தன் படத்தைத் தொடமாட்டார். அது உங்கள் படம். கண்காட்சிக்குக் கொடுப்பதோ, அங்கே எடுத்துக்கொள்வதோ, நீங்கள் சொல்வதுபோல் செய்கிறேன். வீட்டுக்கு வாருங்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை. ஆனால் வாருங்கள்.

துஷா.”

கடிதத் தாள்கள் இரண்டுக்கு இடையில் அட்டையை வைத்துக் கடித உறைக்குள் செருகினாள். ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். திரும்ப வாசிக்கவேண்டும் போல இருந்தது; இனிக் கிழித்தால்தான் வாசிக்கலாம். மேலங்கியைப் போட்டுக்கொண்டு, பொத்தானைப் பூட்டாமலே இறங்கி நடந்தாள். டெபனர் எனும் சில்லறைக்கடை மூலையில் சிவப்புத் தபால்பெட்டி நின்றது. அதன் வாயைத் திறந்து, உறையை உள்ளே விட்டாள். அது கீழே விழுந்த சத்தம் கேட்கும்வரை மூடியை விடவில்லை.